நான் எழுதியது 58, டாக்டர் எழுதியது 88

அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவமனையில் கொடுத்த பாரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ‘நீங்கள் அடைய விரும்பும் எடை’ என்று போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு மைக்கைத் திறந்தால் பத்து மணிவரை மூச்சு விடாமல் பேசுகிறவள் நான். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிப் பழக்கம். 58 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

அன்று என் எடை 118 கிலோ. உயரம் 160 சென்டிமீட்டர். வயது 32.

அந்த 58 எங்கிருந்து வந்தது? கொஞ்சம், கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் பிஎம்ஐ அட்டவணையிலிருந்து. கொஞ்சம், பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்த முதலாண்டில் மஞ்சள் பஞ்சாபி சூட்டில் எடுத்த ஒரு படத்திலிருந்து. மிச்சம், அக்கா கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அத்தை சொன்ன வார்த்தையிலிருந்து. அது என்ன வார்த்தை என்று இங்கே எழுத வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

பாரத்தைப் பார்த்த அறுவை மருத்துவர் சிரிக்கவில்லை. 58-க்குப் பக்கத்தில் பென்சிலால் 88 என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். “இதைப் பற்றி நாம் உட்கார்ந்து பேச வேண்டும்” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிடப் போகிறீர்கள், அதற்கப்புறமும் 88-ஆ? சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சை நாங்கள் பேசி முடிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அதற்குள் எவ்வளவோ நடந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் நிகழ்ச்சியில் என் அறுவையைப் பற்றிச் சொன்னேன். புலனத்தில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வி. “எத்தனை கிலோ குறைஞ்சீங்க, சிஸ்டர்?” எண்ணைச் சொன்னால் அடுத்த கேள்வி: “அவ்வளவுதானா?” அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பென்சில் கணக்கு

எனக்குச் செய்தது ‘ஸ்லீவ்’. இரைப்பையை நெடுக வெட்டி, ஏறக்குறைய 80 விழுக்காட்டை எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. ‘பைபாஸ்’ என்பது வேறு. அதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சின்னப் பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள்.

ஸ்லீவ் செய்தவர்களுக்குத் தொடக்க எடையில் சராசரியாக 25 விழுக்காடு அளவு குறையும். பைபாஸில் 30 விழுக்காடு அளவு. சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைய. 118-ல் 25 விழுக்காடு 29.5. கழித்துப் பாருங்கள், 88.5. டாக்டரின் பென்சில் கணக்கு இவ்வளவுதான். நான் எழுதிய 58-க்குப் போக வேண்டுமென்றால் உடம்பில் பாதிக்கு மேல் கரைய வேண்டும்.

அட்டவணை பொய்யா என்று கேட்காதீர்கள். பொய்யில்லை. ஆனால் அது யாருக்காகப் போட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிஎம்ஐ கணக்கின் மூலம் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வாழ்ந்த குவெட்லெட் என்ற கணித அறிஞருடையது. அவர் தேடியது ‘சராசரி மனிதனை’, நோயாளியை அல்ல. எடை குறைப்பு அறுவை ஆய்வுகளில் பல காலம் ‘சரியான எடை’ என்று எடுத்துக்கொண்டதோ, அமெரிக்காவின் மெட்ரோபோலிட்டன் லைஃப் காப்புறுதி நிறுவனம் 1983-ல் வெளியிட்ட பட்டியல். காப்புறுதி எடுத்தவர்களில் எந்த எடைக்காரர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று பார்த்துப் போட்டது. 118 கிலோவிலிருந்து வயிற்றை வெட்டிக்கொண்டு இறங்கி வருகிற ஒருத்தி எங்கே நிற்பாள் என்று இரண்டுமே சொல்லாது.

ஆபத்தை எடைபோட அந்த அட்டவணை உதவும், அதுவும் நமக்கு ரொம்பவே. ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே கவனம் தேவை, 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் தனிக் கோடு போட்டிருக்கிறது. நம் நாட்டில் 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன். இந்தியர்களில் அது 63.9 விழுக்காடு. அந்தக் கோடு ஆபத்தைக் காட்டுகிறது. அறுவைக்குப் பின் எங்கே போய் நிற்பீர்கள் என்பது வேறு கணக்கு. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

86-ல் நின்ற வண்டி

முதல் ஆறு மாதம் சொர்க்கம். வாரா வாரம் எண் இறங்கியது. நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அதுகூடக் கவலையாக இல்லை. வேகமாக எடை குறையும்போது அப்படி நடக்கும், திரும்ப வளரும் என்று சொல்லியிருந்தார்கள், வளர்ந்தது. பதினான்காம் மாதம் 86. அங்கேயே நின்றுவிட்டது.

மருத்துவக் கணக்கில் இது சராசரிக்கும் மேல். 118-லிருந்து 32 கிலோ, 27 விழுக்காடு. ஆனால் பிஎம்ஐ 33.6. அட்டவணை இன்னும் என்னை ‘உடல் பருமன்’ பெட்டியில்தான் வைத்திருந்தது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஒருவர் தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டே கேட்டார்: “ஆப்பரேஷன் பண்ணியும் இவ்வளவுதானாம்மா?”

அப்புறம் நான் செய்ததை யாரும் செய்யாதீர்கள். பசியாறுவதை நிறுத்தினேன். மதியம் அரை முட்டை, இரவு சூப். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள், நான் பாதிகூடத் தொடவில்லை. வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய வைட்டமின், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளில் ஒன்று வயிற்றைக் குமட்டியது என்று எல்லாவற்றையும் விட்டேன். பதினெட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகவே இல்லை. வேலை இருக்கிறது என்று தாதியிடம் பொய் சொன்னேன். உண்மையில் வெட்கம். டாக்டர் அவ்வளவு செய்தும் நான் ‘ஃபெயில்’ ஆகிவிட்டேன் என்ற வெட்கம்.

ஒரு புதன்கிழமை காலை, போக்குவரத்துச் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது எழுத்து மங்கியது. பெடரல் நெடுஞ்சாலை நெரிசலைப் பாதி சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். பிறகு எனக்கு நினைவிருப்பது ஸ்டுடியோ தரையின் குளிர்ச்சி. ஹீமோகுளோபின் 8.7. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. பி12-உம் குறைவு.

எடை அன்று 83. மயங்கி விழுந்தவளுக்கு அதைக் கேட்டதும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தப் பேச்சு

என் மருத்துவர் திட்டவில்லை. பழைய பாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். 58, பக்கத்தில் 88, கேள்விக்குறி. பென்சில் இன்னும் அழியவில்லை. அன்று எங்களோடு உணவியலாளரும் உட்கார்ந்தார், தமிழ்ப் பெண். “எடையை அப்புறம் பார்ப்போம், அக்கா. இந்த அறுவையை எதுக்காகப் பண்ணிக்கிட்டீங்க, அதைச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். இனிப்புநீர் இருந்தது, இரவில் ஊசி. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.9. இப்போது ஊசி இல்லை, 5.8. தூக்கத்தில் மூச்சு நின்று போவதற்காக முகமூடி இயந்திரம் மாட்டிப் படுத்தேன். மறுபடி தூக்கப் பரிசோதனை செய்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரத்த அழுத்த மாத்திரை இரண்டிலிருந்து ஒன்று. அவர் எழுதிக்கொண்டே வந்தார். வாயால் சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. இதில் ஒன்றைக்கூட நான் வெற்றிக் கணக்கில் சேர்க்கவில்லை.

“அடுத்த இரண்டு வருஷத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று டாக்டர் கேட்டார். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வானொலியில் இவ்வளவு நேரம் அமைதி விட்டால் மேலாளர் ஓடி வந்துவிடுவார். குழந்தை வேண்டும் என்றேன். சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கே ஒழுங்கில்லாமல் இருந்தது, அறுவைக்குப் பிறகுதான் சீரானது. இதை அதுவரை எந்த மருத்துவரிடமும் இலக்கு என்று நான் சொன்னதில்லை. எந்தப் பாரத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

“அப்படியென்றால் நீங்கள் இன்னும் ஒரு கிலோகூடக் குறைய வேண்டாம்” என்றார். அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், எடை வேகமாக இறங்கும் காலம் அது. எனக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது தடையாக இருப்பது எடை அல்ல, ரத்தம். முதலில் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம். எடைக்கு ஒற்றை எண் இல்லாமல் ஓர் எல்லை போட்டோம்: 84 முதல் 90 வரை. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் தராசு. 92-ஐத் தாண்டினால் காத்திருக்காமல் கிளினிக்குக்கு அழைக்க வேண்டும்.

92 எதற்கு? எடை கொஞ்சம் திரும்பி ஏறும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கணக்கில் வைக்கிறார்கள். சுவீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 விழுக்காடு குறைந்தார்கள், பத்தாம் ஆண்டில் அது 25. அப்படியிருந்தும் அறுவை செய்யாதவர்களைவிட அவர்களிடையே மரணம் குறைவு. அளவுக்கு மேல் ஏறினால் உணவை மாற்றிப் பார்ப்பார்கள், இப்போது பலரும் பேசும் எடை குறைப்பு ஊசிகளையும் யோசிப்பார்கள். மருந்து சேர்ந்தால் அறுவை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லையாம். முன்பு யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். சொல்லத்தான் வந்தார், நான்தான் உட்காரவில்லை.

காத்திருப்பு நாற்காலியில்

இப்போதெல்லாம் முன்கூட்டியே போய் உட்கார்ந்து மற்றவர்களிடம் பேசுகிறேன், தொழில் புத்தி. லாரி ஓட்டும் ஓர் அண்ணன். அவருக்குக் கிலோ எவ்வளவு என்பதே ஞாபகமில்லை. தூக்கப் பரிசோதனை சரியாக வர வேண்டும், பகலில் ஸ்டீயரிங்கில் கண் சொக்கக் கூடாது, அதுதான் அவரும் டாக்டரும் பேசி வைத்தது. இன்னோர் அம்மாவுக்கு 61 வயது. எலும்பு மருத்துவர் முழங்கால் மாற்று அறுவைக்கு முன் எடை குறைய வேண்டும் என்றதால் வந்தவர். அவருடைய எண்ணை முடிவு செய்தது அந்த முழங்கால். அது கிடைத்த பிறகு பத்துமலைக்குப் போக வேண்டும். “272 படியையும் ஏற முடியுமான்னு தெரியல, பாதி வரைக்குமாவது” என்றார்.

அந்த அம்மா முதல் இரண்டு சந்திப்பிலும் டாக்டர் மலாயில் சொன்னதற்கெல்லாம் “பாய்க், டோக்டர்” என்றே சொல்லிவிட்டு வந்தாராம். மூன்றாவது முறை மகள் கூடப் போனபோதுதான், அவர் மனதில் வைத்திருந்த எண்ணும் டாக்டர் மனதில் வைத்திருந்த எண்ணும் 20 கிலோ தள்ளி நின்றது தெரிந்தது. நானோ மூன்று மொழியிலும் சரளமாகப் பேசுகிறவள், நானும் அதையேதான் செய்தேன்.

அதனால் யாராவது அறுவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் முதல் சந்திப்பிலேயே வாய் விட்டுக் கேளுங்கள். எனக்குச் செய்யப் போகும் அறுவையில், என் தொடக்க எடைக்குச் சராசரி எங்கே போய் நிற்கும்? என் நோய்களில் எது எந்த எடையில் அடங்க வாய்ப்பு? எந்த எண்ணைத் தாண்டினால் உங்களை அழைக்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே போனாலும் அழைக்க வேண்டும்? கடைசிக் கேள்வியை நான் கேட்டிருந்தால் 83-ல் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். உங்கள் சொந்த ஆசையையும் சொல்லிவிடுங்கள், அது மருத்துவக் காரணமாகத் தோன்றாவிட்டாலும். பழைய பஞ்சாபி சூட் என்றாலும் சொல்லலாம். தொங்கும் தோலும் தராசில் ஏறும், சூட் இடுப்பில் ஏறாது என்று அப்போதே சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் தராசில் 87.3. தாதி சீட்டில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் அதைப் பார்க்காமல் ரத்த அறிக்கையைத்தான் முதலில் திறந்தார். ஃபெரிட்டின் 6-லிருந்து 31-க்கு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனை தைப்பூசத்துக்கு மறுவாரம்.