குதிரைக்கு முன் நின்ற சிப்பாய்!

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கிறது திருவேட்டக்குடி. தவம் செய்த அர்ச்சுனன் முன் சிவபெருமான் வேடனாக வந்தார் என்பது இந்த ஊர்க் கோவிலின் தல வரலாறு. வில் வீரனை எதிர்த்து நின்றது பெரும் படை அல்ல. ஒரே ஒரு வேடன்! அர்ச்சுனன் திகைத்துப் போனான்.

சதுரங்கத்திலும் அப்படி ஒரு வேடன் உண்டு.

வெள்ளைக் காயுடன் ஆடுகிறவர் வழக்கமாக என்ன செய்வார்? ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயையோ, ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயையோ தள்ளுவார். பலகையின் நடுவைப் பிடிப்பதுதான் நோக்கம். சிலர் மட்டும் ராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவார்கள். "இது என்ன ஆட்டம்?" என்று எதிரி விழிப்பார். அவர் மனப்பாடம் செய்து வந்த பாடம் பயன்படாமல் போகும்.

மனிதக் குரங்கின் யோசனை

1924-ம் ஆண்டு. நியூயார்க்கில் பெரிய போட்டி. அதில் ஆட வந்த டார்டகோவர், ஓய்வு நாளில் மிருகக்காட்சி சாலைக்குப் போனார். அங்கே சூசன் என்ற உராங்குட்டான் குரங்கைப் பார்த்தார். பிறகு மரோட்சியுடன் ஆடும்போது, அந்தச் சிப்பாயை முதலிலேயே இரண்டு கட்டம் தள்ளினார். குரங்கு சொன்ன யோசனை என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அதற்கு "உராங்குட்டான்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் ஜெயித்தவர் மரோட்சி!

17 நகர்த்தலில் தோல்வி

1970-ல் பெல்கிரேடில் சோவியத் அணியும் உலக அணியும் மோதின. டென்மார்க் வீரர் லார்சன், உலக சாம்பியன் ஸ்பாஸ்கிக்கு எதிராக அதே சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். பிறகு ஒரே குதிரையை மூன்று முறை நகர்த்தி, அதையும் வெட்டுக் கொடுத்தார். ராஜா நடுவிலேயே நின்றது. ஸ்பாஸ்கி சும்மா இருப்பாரா? யானையைப் பலி கொடுத்துப் பாய்ந்தார். 17-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் லார்சன் பழி தீர்த்துக்கொண்டார். அந்தத் தொடக்கம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

சிங்கப்பூரில் குகேஷ்

2024 டிசம்பர் 8. உலக சாம்பியன் போட்டியில் 10 ஆட்டங்கள் முடிந்து ஆளுக்கு 5 புள்ளி. சென்னை இளைஞர் குகேஷ், குதிரையை முதலில் நகர்த்தினார். மூன்றாவது நகர்த்தலில் அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். சீன வீரர் டிங் லிரென் யோசித்தார், யோசித்தார், நேரம் ஓடியது. பின்னர் குகேஷும் நெடுநேரம் யோசிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அவசரத்தில் தவறியவர் டிங். 29-வது நகர்த்தலில் குகேஷுக்கு வெற்றி. மறு ஆட்டத்தில் டிங் சமன் செய்தார். ஆனாலும் டிசம்பர் 12-ந் தேதி குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

ஆடலாமா?

ஆடலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எதிரிக்குத் தெரியாத பாதை உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். நகர்ந்த சிப்பாயின் பின்னால் மந்திரி எங்கே போகும்? நடுவை எதிரி பிடித்தால் எப்படி உடைப்பது? ராஜாவை எப்போது பத்திரப்படுத்துவது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் துணிந்து தள்ளுங்கள்.

வேடன் வேடம் போட்டால் மட்டும் போதாது. வில் பிடிக்கவும் தெரிய வேண்டும்!