சுரண்டிய சீட்டும் தொடுதிரையும்: மின்னணுச் சூதாட்ட இயந்திரங்களின் ஊடாட்டப் போனஸ் சுற்றுகள்

ஆய்வுச்சுருக்கம்

மின்னணுச் சூதாட்ட இயந்திரங்களில் ஆடுபவரைத் தேர்ந்தெடுக்கவும் தொடவும் சுழற்றவும் செய்யும் போனஸ் சுற்றுகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து பெருகின. அச்சுற்றுகளில் ஆடுபவர் செய்யும் தேர்வால் அவரது நீண்டகாலச் சராசரி இழப்பு மாறுவதில்லை. இழப்பைப் பற்றிய அவரது உணர்வே மாறுகிறது. இவ்வியக்கமுறையைச் சுரண்டல் லாட்டரியின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. திறன், வாய்ப்பு என்று பகுத்த இந்தியச் சட்டமரபுக்கு அது உண்டாக்கும் சிக்கலையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சூது, லாட்டரி, சிவகாசி, போனஸ் சுற்று, சமவாய்ப்பு, கட்டுப்பாட்டு மயக்கம்

முன்னுரை

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்தபடியாகச் சிவகாசி அறியப்படுவது அச்சுத்தொழிலால் ஆகும். தீப்பெட்டி லேபிள்களை அச்சிட்ட ஊர், பின்னர் நாட்காட்டி, டைரி, குறிப்பேடு என விரிந்து, பல மாநில அரசுகளின் லாட்டரிச் சீட்டுகளையும் அச்சிட்டது. தமிழக அரசின் லாட்டரி 1968இல், அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. 2003 ஜனவரியில் தமிழகத்தில் எல்லா லாட்டரிகளின் விற்பனையும் தடை செய்யப்பட்டது. சீட்டு விற்றுப் பிழைத்த பார்வையற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் அதனால் வாழ்வாதாரம் இழந்தனர். அச்சகங்களுக்கும் அது இழப்பே.

தடைக்கு முன் விற்கப்பட்டவற்றுள் சுரண்டல் லாட்டரி தனித்து நோக்கத்தக்கது. வழக்கமான சீட்டில் எண் அச்சகத்தில் பதிவாகும்; ஆனால் முடிவு, சீட்டு விற்ற பிறகு, குலுக்கல் நாளில் பிறக்கும். சுரண்டல் சீட்டிலோ முடிவும் அச்சகத்திலேயே பிறந்துவிடுகிறது. வாங்குபவர் வெள்ளிநிறப் பூச்சை நாணயத்தால் சுரண்டும்போது பரிசை உண்டாக்குவதில்லை, முன்பே இருப்பதைக் காண்கிறார். ஆயினும் அவர் கை ஒரு வேலை செய்கிறது. எந்த மூலையிலிருந்து சுரண்டுவது, எவ்வளவு மெதுவாகச் சுரண்டுவது என்பதெல்லாம் அவர் விருப்பம். பெட்டிக்கடைகளில் தொங்கிய, சிறுவர்கள் சீட்டைக் கிழித்துப் பார்க்கும் பரிசு அட்டையும் இவ்வகையதே. அதில் எதைக் கிழிப்பது என்று சிறுவர்கள் எடுத்துக்கொண்ட நேரம், பரீட்சையில் எடுத்துக்கொண்டதைவிட அதிகமாக இருந்திருக்கும். மின்னணு இயந்திரத்தின் போனஸ் சுற்று இந்தக் கைவேலையைத் திரைக்குக் கொண்டுசென்றது.

போனஸ் சுற்றின் அமைப்பு

ஸ்லாட் எனப்படும் இயந்திரம், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் ஜாக்பாட் இயந்திரம், தொடக்கத்தில் ஒரு கைப்பிடியும் மூன்று உருளைகளும் கொண்டது. இன்று உருளைகள் பெரும்பாலும் படங்களே. பொத்தானை அழுத்தும் கணத்தில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் மென்பொருள் முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. உருளை சுழல்வது அம்முடிவை அறிவிக்கும் காட்சி. குறிப்பிட்ட சின்னங்கள் கூடினால் திரை மாறி, வேறொரு சிறு விளையாட்டு திறக்கும். அதுவே போனஸ் சுற்று.

அமெரிக்காவில் இதனைப் பரவச் செய்த முன்னோடிகளுள் ஒன்று, டபிள்யூ.எம்.எஸ். நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘ரீல் எம் இன்’. அதன் போனஸ் திரையில் மீனவர் சிலர் தூண்டிலோடு இருப்பர். ஆடுபவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, அவர் பிடிக்கும் மீனுக்கேற்பப் பரிசு கிடைக்கும். சூதில் கிட்டும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென்று விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டுத் திருக்குறளின் சூது அதிகாரம் தொடங்குகிறது. இயந்திரம் அவ்வுவமையில் ஆடுபவரின் இடத்தை மாற்றி, அவரைக் கரையில் அமர்த்திவிட்டது.

கணக்கைக் காண்போம். ஒரு போனஸ் திரையில் ஐந்து பெட்டிகள். அவற்றுள் 100, 200, 300, 500, 900 ரூபாய்ப் பரிசுகள் ஒளிந்திருப்பதாகக் கொள்வோம். எந்தப் பெட்டியைத் தொட்டாலும் எதிர்பார்ப்பு மதிப்பு 400 ரூபாய்தான். நடுப்பெட்டியையே எப்போதும் தொடுபவருக்கும், கண்ணை மூடித் தொடுபவருக்கும் இதுவே. அந்த 400 ரூபாயும் தனியே வந்த கொடை அன்று. ஓர் இயந்திரம் பந்தயத் தொகையில் சராசரியாக 92 விழுக்காட்டைத் திருப்பித் தருமாறு அமைக்கப்பட்டிருந்தால், போனஸ் பரிசுகளும் அந்த 92க்குள் அடங்கும். போனசுக்கு 30 ஒதுக்கினால், அடிப்படை ஆட்டம் 62 மட்டுமே தரும். அதாவது போனஸ் வராத நேரங்களில் பணம் விரைந்து கரையும். போனசுக்காகக் காத்திருக்கத் தோன்றும். ஒரு சுழற்சிக்கு 10 ரூபாய் வீதம் மணிக்கு 600 சுழற்சி ஆடுபவர் 6,000 ரூபாய் பந்தயம் வைக்கிறார். சராசரி இழப்பு 480 ரூபாய்.

பெட்டிகளை நிரப்புவதில் இரு முறைகள் உண்டு. ஒன்றில், பரிசுகள் முதலில் பெட்டிகளில் வைக்கப்படுகின்றன. ஆடுபவரின் தேர்வு அந்தச் சுற்றின் முடிவை மெய்யாகவே மாற்றும், சராசரியை மாற்றாது. மற்றதில், பரிசு முன்பே முடிவாகிவிடும். எதைத் தொட்டாலும் அதுவே வெளிப்படும். இது சுரண்டல் சீட்டின் நேர் வாரிசு. இரண்டாவது முறையில், தொடாத பெட்டிகளைத் திறந்து ‘900 பக்கத்தில்தான் இருந்தது’ என்று காட்டினால், அது இல்லாத வாய்ப்பைக் காட்டுவதாகும். திரையைப் பார்த்து இவ்விரண்டையும் ஆடுபவரால் வேறுபடுத்த இயலாது என்பதே இங்குள்ள பெரிய இடர்.

தேர்வும் மயக்கமும்

உளவியலாளர் எலன் லாங்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வு ‘கட்டுப்பாட்டு மயக்கம்’ என்னும் கருத்தை நிறுவியது. அதில் ஒரு சோதனைக்குப் பயன்பட்டதும் லாட்டரிச் சீட்டே. 1 டாலர் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திரும்ப விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டனர். சீட்டு கையில் கொடுக்கப்பட்டவர்கள் 1.96 டாலரே கேட்டனர். வெல்லும் வாய்ப்பு இரு சாராருக்கும் ஒன்றே.

லூக் கிளார்க் குழுவினர் 2009இல் வெளியிட்ட மூளைப்படிம ஆய்வு இன்னொரு படி சென்றது. மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றியின்போது இயங்கும் மூளைப்பகுதிகளைத் தூண்டுவதை அது கண்டது. அத்தகைய தோல்வி கசப்பாகவே உணரப்பட்டது; எனினும் ஆடுபவர் தாமே தேர்ந்தெடுத்த சுற்றுகளில் மேலும் ஆடும் விருப்பத்தை வளர்த்தது. போனஸ் திரை இவ்விரண்டையும் ஒருங்கே தருகிறது: தேர்வு ஆடுபவருடையது, தவறியதும் அவர் விரல். இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் மிகும் என்று அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுவதை நோக்க, ஆய்வகம் கண்டது முற்றிலும் புதிதன்று.

சட்டம் காணும் வேறுபாடு

இந்தியாவில் இவ்வியந்திரங்களுக்குரிய இடம் குறுகியது. கோவா 1992இல் தன் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் இவற்றை அனுமதித்தது. பிற இடங்களில் நீதிமன்றங்கள் பெரிதும் கேட்ட கேள்வி, ஆட்டத்தில் மேலோங்குவது திறனா வாய்ப்பா என்பது. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி அது. ஒளிப்பட ஆட்ட இயந்திரங்களுக்கு உரிமம் கேட்ட கர்நாடக ஆணை, 1995இல் எம்.ஜே. சிவானி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோதும் இக்கேள்வியே எழுந்தது.

லாட்டரிக்கான 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து அணுகியது. முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட எண்ணுக்கோ ஒற்றை இலக்கத்தின் அடிப்படையிலோ பரிசு வழங்கக்கூடாது என்றது. ஆடுபவரின் திறனை அது அளக்கவில்லை. முடிவு எப்போது, எவ்வாறு பிறக்கிறது என்பதை நோக்கியது. போனஸ் சுற்றை ஆராய இதுவே பொருத்தமான நோக்கு. ஏனெனில் திறன் அளவுகோல் இங்கு எளிதில் ஏமாறும். தேர்ந்தெடுக்கும் பொத்தான் ஒன்றைச் சேர்த்தால் வாய்ப்பு ஆட்டமும் திறன் ஆட்டமாகத் தோற்றம் கொள்ளும்.

தமிழ்நாடு 2022இல் இயற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடனில் வீழ்ந்தோரின் தற்கொலைகள் அதற்கு அரசு முன்வைத்த காரணங்களுள் ஒன்று. அச்சட்டத்தில் ரம்மி, போக்கர் ஆகியவற்றை வாய்ப்பு ஆட்டங்களாக வகைப்படுத்திய அட்டவணையை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. மீண்டும் திறன் அளவுகோலே வென்றது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறன் சார்ந்ததா வாய்ப்பு சார்ந்ததா என்ற கேள்வியையே கைவிட்டு, இரண்டையும் தடை செய்தது.

காகிதமும் முற்றிலும் மறையவில்லை. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து நடக்கும் ‘மூன்று எண் லாட்டரி’ தொடர்பான கைதுகள் தமிழக மாவட்டங்களில் இன்றும் செய்தியாகின்றன. அதில் எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவரே.