கிதாரின் கனத்த குரலுக்கு என்ன விலை?

ஹைதராபாத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும் அப்பாவிடம் மகன், “ஹெவி மெட்டல் வாசிக்க இந்தக் கிதார் பிக்கப் போதாது, வேறு வாங்க வேண்டும்” என்றால், பேச்சு சம்பளத் தேதிக்குத் தள்ளிப் போகும். அதற்குள் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிக்கப் நமக்குப் புதிதல்ல. ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்ததும் மின்சார மாண்டலின்தானே! காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். சுற்றுகளைக் கூட்டினால் வலு ஏறும். ஆனால் உச்சஸ்தாயியின் பளபளப்பு மங்கும்.

ஒற்றைச் சுருள், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அதை அடக்கினார். அதுதான் ஹம்பக்கர். 1970-களில் டிமார்ஸியோ அதற்குச் செராமிக் காந்தம் வைத்து முறுக்கேற்றியது.

கடையில் ஓம் கணக்கைக் காட்டுவார்கள். மெல்லிய கம்பி சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும். அதை மட்டும் நம்பக் கூடாது. கரகரப்பைத் தருவதும் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர்தான்.

முதலில் பழைய பிக்கப்பின் திருகைத் திருப்பித் தந்திக்குச் சற்று அருகே உயர்த்திப் பார்க்கலாம். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். இதற்குச் செலவு, ஒரு ஸ்க்ரூடிரைவர்.