கொதிகலனைக் காக்கும் நீர்

ஜொகூர் மாநிலத்தில் ரப்பர் விளைந்த நிலங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறியுள்ளன. பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து எண்ணெய் ஆலை வேலைக்குச் சென்றோரும் உளர். அவ்வாலைகளுக்கு உயிராக விளங்குவது நீராவிக் கொதிகலன். பழக்குலைகளை வேகவைப்பதற்கும் மின்சாரம் பெறுவதற்கும் நீராவியே துணை.

கொதிகலனுக்கு நேரும் கேடுகள் பலவற்றுக்கு மூலகாரணம் நீரே. ஆற்று நீரிலும் குளத்து நீரிலும் சேறு மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சிலிக்கா முதலியனவும் கலந்துள்ளன. நீர் ஆவியாகும்போது இவை பின்தங்கி, குழாய்களின் உட்புறத்தில் கல்போல் படிகின்றன. அப்படிவம் நெருப்பின் வெப்பத்தை நீருக்குச் செல்லவிடாது தடுக்கிறது. அதனால் எரிபொருள் வீணாகிறது. குழாயின் எஃகும் அளவுமீறிச் சூடேறி, வலுவிழந்து, உப்பி வெடிக்கிறது. 20 பார் அழுத்தத்தில் இயங்கும் கொதிகலனில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 215 பாகை செல்சியஸ் ஆகும். அழுத்தம் திடீரென நீங்கினால் அந்நீர் நொடிப்பொழுதில் ஆவியாகப் பொங்கி, அருகில் நிற்போரின் உயிருக்கே உலை வைக்கும்.

மற்றொரு பகை அரிப்பு. பொந்தியான், பத்து பகாட் வட்டாரங்களின் கரிச்சதுப்பு நிலங்களில் காணப்படும் பழுப்பு நீர் அமிலத் தன்மை உடையது. அமிலமும், நீரில் கரைந்துள்ள பிராணவாயுவும் எஃகை அரித்துக் குழிகளை உண்டாக்குகின்றன.

இவற்றைத் தடுக்கும் வழிகள் எளியவை. ரப்பர்ப் பாலில் அமிலம் சேர்த்தால் பால் உறைந்து திரள்வதை நாம் அறிவோம். அதுபோலவே, கலங்கிய நீரில் படிகாரம் சேர்த்தால் சேறு திரண்டு அடியில் தங்கும். தெளிந்த நீரை மணல் வடிகட்டியில் செலுத்திய பின், மென்னீராக்கும் கருவியால் அதன் கடினத் தன்மையைப் போக்க வேண்டும். நீரைக் கொதிகலனுக்குள் விடுமுன் நன்கு சூடாக்கினால் பிராணவாயு பெரும்பகுதி வெளியேறும்; எஞ்சியதை சோடியம் சல்பைட் போன்ற மருந்து நீக்கும். அடியில் சேரும் கசடு நீரைக் குறித்த நேரத்தில் வெளியேற்றுவதும் இன்றியமையாதது.

மருந்தை மனம்போனபடி ஊற்றுதல் தவறு. நீரை நாள்தோறும் சோதித்து, கண்ட அளவைப் பதிவேட்டில் எழுதி, அதற்கேற்பவே மருந்திட வேண்டும். நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தென்படாவிடில், சூடேறிய கொதிகலனுக்குள் நீரைப் பாய்ச்சுவது பேராபத்து. உடனே தீயைக் குறைத்துப் பொறுப்பாளருக்கு அறிவித்தல் வேண்டும்.

1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ஆம் நாள் நீக்கப்பட்டது. எனினும், கொதிகலனுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது தொடர்கிறது. ஆயினும், அதிகாரி சோதனைக்கு வருவது என்றோ ஒரு நாள். நீர் கொதிகலனுள் புகுவதோ ஒவ்வொரு நாளும். ஆகவே, அன்றாடம் நீரைச் சோதிக்கும் தொழிலாளியின் கவனமே ஆலைக்கும் உடன் உழைப்போருக்கும் முதற் காவலாகும்.