நடுவே விட்ட வெள்ளை

இரண்டாம் உலகப் போர்க் காலம். விமானப் பயிற்சியில் காயமடைந்த அமெரிக்க இளைஞர் சாம் பிரான்சிஸுக்கு முதுகெலும்புக் காசநோய் கண்டது. உடம்பெங்கும் மாவுக்கட்டு, அசைய முடியாத படுக்கை. பொழுதைப் போக்க நீர்வண்ணங்களைக் கையில் எடுத்தார். மருத்துவம் படிக்க நினைத்திருந்தவரை அந்தப் படுக்கை ஓவியராக்கியது.

அவருடைய பெரும்பாலான ஓவியங்களில் மரமோ முகமோ கிடையாது. கை வீசிய வேகம், தெறித்த துளிகள், வழிந்து நின்ற கோடுகள், இவைதான் ஓவியம். 1960களில் வரைந்த பலவற்றில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் ஓரங்களுக்கு ஒதுங்கிவிட, நடுப்பகுதி வெள்ளையாகவே கிடக்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்குப் பாதியில் விட்ட வேலைபோலத் தோன்றும்.

உண்மையில் அந்த வெள்ளைதான் கடினமான வேலை.

கான்வாஸில் எண்ணெய் வண்ணம் பூசுபவர் தவறு நேர்ந்தால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். காகிதத்தில் நீர்வண்ணம் பூசுபவருக்கு அது நடக்காது. காகிதம் நீரை உறிஞ்சுகிறது. நிறம் இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. ஒளி மெல்லிய வண்ணப் படலத்தை ஊடுருவிச் சென்று, அடியிலுள்ள காகிதத்தில் பட்டுத் திரும்புவதால்தான் நீர்வண்ணம் மின்னுகிறது. அங்கே வெளிச்சம் என்பது காகிதத்தின் வெண்மையே. எங்கே பூசக் கூடாது என்பதைத் தூரிகை இறங்கும் முன்பே கை அறிந்திருக்க வேண்டும்.

1950இல் பாரிஸில் குடியேறிய பிரான்சிஸ், 1957இல் முதன்முறையாக ஜப்பான் சென்றார். இப்படி விடும் இடைவெளியை ஜப்பானியர்கள் ‘மா’ என்பார்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவிலும் இரண்டு ஒலிகளுக்கு நடுவிலும் உள்ள வெளி அவர்களுக்கு வெறும் இல்லாமை அன்று. அதற்கென்று ஓர் உயிர் உண்டு. செஷ்ஷூ என்ற துறவி 1495இல் மை தெறித்து வரைந்த நிலக்காட்சியில் காகிதத்தின் பெரும்பகுதி வெறுமைதான். அந்த வெறுமையே மூடுபனியாகவும் நீராகவும் தெரிகிறது. பிரான்சிஸின் வெள்ளை அப்படி எதையும் உருவகப்படுத்துவதில்லை. ஓரத்து நிறங்களை இழுத்துப் பிடித்தும் தள்ளி வைத்தும் அவற்றுக்கு மூச்சுவிட இடம் தருகிறது.

இத்தகைய ஓவியத்தைப் பார்க்கும்போது ‘இது என்ன?’ என்ற கேள்வியைச் சற்றே ஒத்திவைக்கலாம். வண்ணத்தின் விளிம்பைக் கவனியுங்கள். மங்கிப் பரவியிருந்தால் ஈரத்தின்மேல் ஈரம் விழுந்திருக்கிறது. கூர்மையாக நின்றால் கீழே காய்ந்த காகிதம். வழிந்த கோடு காகிதம் நிமிர்ந்திருந்ததைச் சொல்லும். வட்டமான துளி அது படுத்திருந்ததைச் சொல்லும். பிறகு வெள்ளைக்கு வாருங்கள். ஒரு சொட்டு நீலம் அதற்குள் தனியாக விழுந்திருந்தால், அதை விரலால் மறைத்துப் பாருங்கள். மொத்த ஓவியமும் ஆட்டம் காண்பது தெரியும்.

1994இல் புற்றுநோயால் அவதிப்பட்ட பிரான்சிஸ், கீழே விழுந்தபின் வலக்கையால் வரைய முடியாமல் போனார். இடக்கையால் ஏறத்தாழ 150 சிறிய ஓவியங்களை வரைந்து முடித்தார். அந்த ஆண்டு நவம்பரில் காலமானார்.