இளம் புட்கள் இசை பயிலுமாறு

பாடும் புட்களின் குஞ்சுகள் முழுதும் இசையறிந்து பிறப்பனவல்ல. மக்கட் குழவி மொழி பயில்வதுபோல அவையும் கேட்டே பயில்கின்றன. 1950களிற் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அறிஞர் தோர்ப், சாபிஞ்சு என்னும் சிறு பறவையின் குஞ்சுகளைத் தம்மினத்தின் பாட்டைக் கேளாதவாறு தனித்து வளர்த்தார். வளர்ந்தபின் அவை பாடிய பாட்டில் இனத்தின் சாயல் ஓரளவு இருந்ததாயினும் திருந்திய அமைப்புக் காணப்படவில்லை.

எனின், மூத்த பறவையின் பாட்டைக் கேட்டல் மட்டும் போதுமோ? போதாதென்பதை 1965இல் கொனிசி நிறுவினார். அமெரிக்காவின் வெண்முடிக் குருவி, பாட்டைக் கேட்டுச் சில திங்கள் கழித்தே பாடத் தொடங்கும். இடையிற் செவிப்புலன் இழந்த குருவிகள், முன் கேட்ட பாட்டைப் பாட இயலாதனவாயின. கேட்ட பாட்டு மூளையிற் பதிகின்றது. பின்னர்ப் பறவை தன் குரலைத் தானே கேட்டு, அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றது.

திருத்துதற்குப் பல்வேறு குரல்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். அதனைத் தூண்டுவது முன்மூளையிலுள்ள ஒரு நரம்பணுத் திரளாகும். ஆஸ்திரேலியாவுக்குரிய சீப்ரா பிஞ்சின் குஞ்சுகளில் அத்திரள் சிதைக்கப்பட்டபோது பாட்டு வளர்ச்சி தடைப்பட்டது. வளர்ந்த பறவையின் பாட்டோ மாறவில்லை என 1984இல் அறியப்பட்டது. 2005இல் அதன் இயக்கம் தற்காலிகமாக அடக்கப்பட்டபோது, குஞ்சின் குரல் வேறுபாடுகள் பெரிதுங் குறைந்தன. ஏறத்தாழ 90 நாளில் இப்பறவையின் பாட்டு நிலைபெறுகின்றது. ஆதலின், அதற்கு முன்னுள்ள தடுமாற்றத்தைக் குறையெனக் கொள்ளாது, கற்றலின் முதற்பொருளெனக் கொள்ளலே பொருத்தமாகும்.