சென்னை – யாழ்ப்பாணம் விமானப் பயணம்

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான நேர் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கி.மீ. ஆகும். இரண்டு நகரங்களும் 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே அமைந்திருப்பதால் பயணம் ஏறக்குறைய நேர் தெற்காக இருக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

இத்தடத்தில் ஏடிஆர் 72 வகை விமானங்கள் பறக்கின்றன. மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் என்று கொண்டு தொலைவை வகுத்தால் 43 நிமிடம் வரும். தேர்வுத்தாளில் அது சரியான விடைதான். ஆனால் கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதற்கும், மேலே ஏறுவதற்கும், வேகம் குறைத்து இறங்குவதற்கும் ஆகும் நேரம் அந்த வகுத்தலில் வராது. பயணம் குறுகியதாக இருந்தால் இதன் பங்கு பெரிதாகத் தெரியும்.

1947 டிசம்பரில் தொடங்கிய ஏர் சிலோனின் முதல் சேவையே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். பின்னர் இத்தொடர்பு பல பத்தாண்டுகள் அறுந்திருந்தது. அக்காலத்தில் வடக்கே உள்ள சென்னைக்கு வர, யாழ்ப்பாணத்தார் முதலில் 350 கி.மீ.க்கு மேல் தெற்கே சென்று கட்டுநாயக்காவில் விமானம் ஏற வேண்டியிருந்தது. சாலையிலேயே ஓர் இரவு கழிந்துவிடும். 2019 அக்டோபரில் பலாலி, பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.